மிட்வைப் மிஸ் நடந்து வந்த பாதை



போன கிழமை ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "தம்பி பொறந்திருக்கு சேர். மிட்வைப் மிஸ் வருவாங்க, அம்மாவுக்குச் சிங்களம் வெளங்காது, நான்தான் பேசணும்" என்றாள். பதினொரு வயதில் மொழிபெயர்ப்பாளர்! மனது கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை 1879இல் திறக்கப்பட்டது. ஆனால் அது தன்னைத் தேடி வருகிற தாய்க்குத்தான். தாயைத் தேடி வீட்டுக்கே போகும் முறை 1926இல் களுத்துறையில் வேர் பிடித்தது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கேதான் தொடங்கியது. ஓர் எல்லை, அதற்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதிமார், மருத்துவ மாதுக்கள். நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, வருமுன் காப்பதுதான் அவர்கள் வேலை. இன்றைய எம்.ஓ.எச். காரியாலயத்தின் தாய்வீடு அதுதான்.

அந்தக் காலத்தின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1934-35 மலேரியா நமது பக்கத்துக் கேகாலையை வாட்டி எடுத்தது. 1935இல் இந்த நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. 1950இல் அது 82 ஆகக் குறைந்தது. டிடிடி, இலவசக் கல்வி, ஆஸ்பத்திரிகள் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, படியேறி வந்து கதவைத் தட்டிய மருத்துவ மாதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கால்கள் லயத்துப் பக்கம் வரப் பல காலம் எடுத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத்து நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டன. கிராமத்துக்கு அரசாங்க மிட்வைப், தோட்டத்துக்கு டிஸ்பென்சரியும் பிள்ளைக் காம்பராவும் என்று இரண்டு வழி ஆனது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு வாக்கும் போனது. வாக்கில்லாதவர்களுக்காக யார் கேட்பார்கள்? தோட்டங்கள் அரசுடைமையான காலத்தை ஒட்டி, 1974 பஞ்சத்தில் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வாடினார்கள். அரசாங்கச் சுகாதாரச் சேவை தோட்டங்களுக்குள் ஒழுங்காக நுழைந்தது அதற்குப் பிறகு, மெல்ல மெல்லத்தான்.

பிந்தி வந்ததன் அடையாளம் இன்னும் மறையவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டத்தில் 32 பேர்.

பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் மிட்வைப் இரண்டு தடவையாவது வரவேண்டும். தொப்புள் காய்ந்ததா, கண் மஞ்சளாக இருக்கிறதா, பால் இழுத்துக் குடிக்கிறதா, தாய்க்கு இரத்தப்போக்கு எப்படி என்று பார்ப்பார். தாயின் முகத்தையும் பார்ப்பார். பிள்ளை பெற்றவள் காரணம் தெரியாமல் அழுதால் அதற்கும் கவனிப்பு உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை எந்தத் தாய் தன் பதினொரு வயது மகளிடம் சொல்லி மொழிபெயர்க்கச் சொல்வாள்? அங்கேதான் எல்லாம் தடைப்படுகிறது.

வருகிற மிஸ்மாரைக் குறை சொல்லவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் மேட்டு லயம் வரை ஏறுகிறார்கள். தமிழ் தெரிந்தவர்கள் போதாது, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வாப்பாமார், அப்பாமாரே, மிட்வைப் வருகிற நாளில் முடிந்தால் வீட்டில் நில்லுங்கள். சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

உயர்தரம் எழுதும் நமது மகள்மாரே, தமிழ், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் கேட்கிறேன். மருத்துவ மாதுப் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது தவறவிடாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், நான் இருக்கிறேன்.

களுத்துறையில் தொடங்கிய நடை நமது லயத்து வாசலில் தமிழில் பேச வேண்டும். அதைப் பேசப்போவது நீங்களாக இருக்கட்டும்.