தொலைபேசிவழி இணையமும் லினக்ஸ் கணிப்பொறியும்

முன்னுரை

ஒரு மொழியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அம்மொழியைத் தாங்கிய பொருள்களையும் ஆராய்தல் வேண்டும். கல்லும் செப்பேடும் ஓலையும் தாளும் தமிழைத் தாங்கிய வகையினை நம் அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் தமிழ் பிறிதொரு பொருளின் வழியே செல்லத் தொடங்கிற்று. அது தொலைபேசிக் கம்பி. அக்கம்பிக்கும் கணிப்பொறிக்கும் இடையே நின்ற சிறு கருவியை மோடம் என்பர்; அதனை 'இணக்கி' எனத் தமிழில் வழங்குதலும் உண்டு.

லினக்ஸ் என்னும் இயக்குதளம் கொண்ட கணிப்பொறியில் இணக்கியை இயங்கச் செய்தல் அந்நாளில் அரிய செயலாகவே இருந்தது. அவ்வருமை எதனால் நேர்ந்தது? லினக்ஸ் முதிராத இயக்குதளமாதலின் அவ்வாறு நேர்ந்தது என்பது பலரும் கூறும் விடையாகும். அவ்விடை பொருந்துமா என ஆராய்வதும், அவ்வாராய்ச்சியால் தமிழ் கற்பார்க்குப் புலனாகும் உண்மை யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

1. இணக்கியின் இயல்பு

தொலைபேசிக் கம்பி மாந்தர் குரலுக்கென அமைந்தது. நொடிக்கு 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளை உடைய ஒலியையே அது கொண்டுசெல்லும். கணிப்பொறியோ ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளை அறிவது. அக்குறிகளை ஒலியாக மாற்றி அனுப்புதலும், வந்த ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றுதலும் இணக்கியின் தொழிலாகும். அழைப்புத் தொடங்கியதும் இரு முனைகளிலும் உள்ள இணக்கிகள் கீச்சொலியும் இரைச்சலும் எழுப்பித் தம்முள் விரைவினை முடிவு செய்துகொள்ளும். அக்காலத்தில் இணையம் பயன்படுத்தியோர் எவரும் அவ்வொலியை மறந்திரார்.

இணக்கிக்குக் கட்டளையிடும் முறையை 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹேய்ஸ் நிறுவனம் வகுத்தது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏ.டி.' என்னும் ஈரெழுத்துடன் தொடங்கும். 'கவனி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பிற நிறுவனத்தாரும் இம்முறையையே மேற்கொண்டமையால், இணக்கி எவர் செய்ததாயினும் கட்டளை ஒன்றாகவே இருந்தது. கம்பிவழி ஒலியின் முறைகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நெறிப்படுத்தி வெளியிட்டது. 1994-ஆம் ஆண்டின் வி.34 என்னும் நெறி நொடிக்கு 28,800 பிட் விரைவையும், 1998-ஆம் ஆண்டின் வி.90 என்னும் நெறி 56,000 பிட் விரைவையும் அளித்தன. கட்டளையும் நெறியும் யாவரும் அறிய வெளிப்படையாக இருந்தன என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2. லினக்சின் தோற்றமும் இணக்கியும்

லினக்சின் தோற்றமே இணக்கியோடு தொடர்புடையது என்பது பலர் அறியாத செய்தியாகும். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் முதற்கண் எழுதியது ஓர் இயக்குதளம் அன்று. தம் வீட்டுக் கணிப்பொறியினின்று தொலைபேசிவழிப் பல்கலைக்கழகக் கணிப்பொறியை அடைவதற்குரிய நிரல் ஒன்றையே அவர் எழுதினார். அது படிப்படியாக விரிந்து இயக்குதளமாயிற்று. ஒருநாள் அவர் இணக்கிக்கு அனுப்ப வேண்டிய அழைப்புக் கட்டளையைத் தவறுதலாகத் தம் வன்தட்டிற்கு அனுப்பிவிட்டார். அதனால் அத்தட்டில் இருந்த மினிக்ஸ் என்னும் இயக்குதளம் சிதைந்தது. அதனை மீண்டும் நிறுவாமல் தாம் எழுதியதையே வளர்ப்பது என அவர் துணிந்தார். இதனை அவரே தம் வரலாற்றில் கூறியுள்ளார். ஆகவே, தொலைபேசி இணைப்புக்கு லினக்ஸ் இயல்பிலேயே தகுதியற்றது என்னும் கூற்று அதன் பிறப்பு வரலாற்றோடு முரண்படுகின்றது.

3. தமிழகத்திற்கு இணையம் வந்த வழி

பொதுமக்களுக்கு இணையம் வருமுன்னரே கல்வி நிறுவனங்களுக்குள் அது வந்துவிட்டது. 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எர்நெட் என்னும் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கு கொண்டது. பொதுமக்களுக்குரிய சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. அதனைப் பெற்ற முதல் நகரங்களுள் சென்னையும் ஒன்று.

அச்சேவையில் இருவகைக் கணக்குகள் இருந்தன. ஒன்று, எழுத்தை மட்டும் காட்டும் ஷெல் கணக்கு, கட்டணம் குறைந்தது, மாணவர்க்கு உரியது. மற்றொன்று, படத்தையும் காட்டும் முழு இணையக் கணக்கு, கட்டணம் மிகுந்தது. ஷெல் கணக்கிற்கு லினக்ஸ் இயல்பாகவே பொருந்திற்று. 'மினிகாம்' என்னும் நிரலால் எண்ணை அழைத்துப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் போதும். எதிர்முனையில் இருப்பதும் லினக்சை ஒத்த யூனிக்ஸ் கணிப்பொறியே. முழுக் கணக்கிற்குப் 'பி.பி.பி.' என்னும் இணைப்பு நெறி வேண்டியிருந்தது. அதற்குரிய நிரல்களும் லினக்சில் இருந்தன. ஆயினும் அழைப்பெண், பயனர் பெயர், கடவுச்சொல், முகவரி காட்டும் கணிப்பொறியின் எண் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளில் பயனரே எழுதுதல் வேண்டும். 1998-ஆம் ஆண்டளவில் கனடா நாட்டு இளைஞர் எழுதிய 'டபிள்யூ.வி.டயல்' என்னும் நிரல் இத்தொல்லையைப் பெரிதும் நீக்கிற்று. அஃது இணக்கியைத் தானே கண்டறிந்து, எதிர்முனை கேட்கும் வினாக்களுக்கும் தானே விடையிறுத்தது.

4. நம் நாட்டுத் தொலைபேசியால் நேர்ந்த இடர்

ஆங்கில வழிகாட்டி நூல்கள் கூறியவாறே எல்லாம் செய்தும் இணைப்புக் கிட்டாமற்போதல் நம் நாட்டில் அடிக்கடி நேர்ந்தது. 'அழைப்பொலி இல்லை' என இணக்கி விடை கூறும். அதே கம்பியில் தொலைபேசியைப் பொருத்திக் கேட்டால் அழைப்பொலி நன்கு கேட்கும். காரணம் யாதெனின், அவ்விணக்கிகள் அமெரிக்கத் தொலைபேசியின் அழைப்பொலிக்கென அமைந்தவை; நம் நாட்டு ஒலியின் தன்மை அதனின் வேறுபட்டது. 'ஏ.டி.எக்ஸ் 3' என்னும் கட்டளையை முன்னர் இட்டால், இணக்கி அழைப்பொலிக்குக் காத்திராது எண்ணைச் சுழற்றும். பழைய தொலைபேசி நிலையங்களின் கம்பியாயின், 'ஏ.டி.டி.டி.' என்னும் ஒலிவழி அழைப்புக் கட்டளையை விடுத்து, 'ஏ.டி.டி.பி.' என்னும் துடிப்புவழிக் கட்டளையை இடல் வேண்டும்.

இவ்விடர்கள் லினக்சுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது தெளிவு. விண்டோஸ் கணிப்பொறியிலும் இவையே நேர்ந்தன. லினக்ஸ் பயனர் கட்டளையைத் தம் கையால் எழுதியமையால் காரணத்தை அறிந்தனர் என்பதே வேறுபாடு.

5. மறைக்கப்பட்ட இணக்கி

லினக்சுக்கே உரிய இடர் வேறொரு வழியால் வந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் விலையைக் குறைக்கும் பொருட்டு, இணக்கியின் பணிகளிற் பெரும்பகுதியைக் கணிப்பொறியின் மையச் செயலகமே செய்யுமாறு அமைத்தனர். ஒலியை ஆக்குவதும் பகுப்பதும் நிரலின் வேலையாயின. அட்டையில் எஞ்சியது கம்பியைச் சேர்க்கும் உறுப்பளவே. விண்டோசுக்கு மட்டுமே அந்நிரலை நிறுவனத்தார் வழங்கினமையால் அதற்கு 'வின்மோடம்' என்னும் பெயர் ஏற்பட்டது. விலை மலிந்த கணிப்பொறிகளில் இதுவே பெரிதும் இடம்பெற்றது.

இவ்வட்டையின் உள்ளமைப்பை நிறுவனத்தார் வெளியிடவில்லை. ஆதலின் லினக்ஸ் கணிப்பொறி அதனை அறிய இயலவில்லை. பழைய புற இணக்கியைக் கணிப்பொறியின் முதல் தொடர்வாயிலில் பொருத்தினால், லினக்ஸ் அதனை 'டி.டி.ஒய்.எஸ் 0' என்னும் பெயரால் உடனே அறியும். புதிய அக அட்டைக்கோ அவ்வாயிலே இல்லை.

இத்தடையை நீக்கப் பல நாட்டுத் தன்னார்வலர் 'லின்மோடம்' என்னும் பெயரால் ஒன்றுகூடினர். பிரெஞ்சு நாட்டுப் பபிரிஸ் பெல்லார் வி.34 நெறியை நிரலாக எழுத முற்பட்டார். லூசன்ட் நிறுவன அட்டைக்கு வெளிவந்த இயக்கியின் உட்பகுதி மூடப்பட்டிருந்தது. லினக்சின் உட்கரு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதனைச் சுற்றிய திறந்த பகுதியைத் திருத்தியமைத்தல் வேண்டியதாயிற்று. கொனெக்சன்ட் அட்டைக்கு லினக்சன்ட் என்னும் நிறுவனம் அளித்த இலவச இயக்கியின் விரைவு நொடிக்கு 14,400 பிட் என வரையறுக்கப்பட்டது. முழு விரைவுக்குப் பொருள் கொடுத்தல் வேண்டும். ஒரே அட்டை, ஒரே கம்பி. விரைவு மட்டும் விலைக்கேற்ப வேறாயிற்று. எனவே, குறை லினக்சின் முதிர்ச்சியின்மை அன்று. நெறி மறைக்கப்பட்டமையே என்பது போதரும்.

6. உத்தரமேரூர்க் கல்லெழுத்து உணர்த்துவது

நெறியை வெளிப்படுத்துதலின் பயனை அறிய நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்லெழுத்துகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையை விரித்துரைப்பவை. யார் தகுதி உடையர், யார் அல்லர், ஓலையைக் குடத்தில் இடுவது எங்ஙனம், எடுப்பது எங்ஙனம் என ஒவ்வொன்றும் அவற்றில் எழுதப்பட்டுள்ளது. முதல் நெறியை இரண்டே ஆண்டில் திருத்தியமைத்தனர் என்பதும், திருத்தத்தையும் கல்லிலேயே பொறித்தனர் என்பதும் கருதத்தக்கன. நெறி கண்முன் இருந்தாலன்றிக் குறை காணுதலும் திருத்துதலும் இயலா.

எனினும் இவ்வொப்புமையை அளவிறந்து நீட்டுதல் பிழையாகும். அக்கல்லெழுத்து யாவரும் காண நின்றது உண்மை; ஆயின் சபையில் இடம்பெற நிலமும் வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. அவ்வாறே லினக்சின் மூலநிரலும் யாவர்க்கும் திறந்திருந்தது. ஆயினும் அதனை இயக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. ஆங்கிலம் அறியாதார்க்குத் திறந்த நெறியும் மூடிய நெறியே. இக்குறை நிறுவனத்தாரால் நேர்ந்ததன்று. தமிழறிந்தார் நீக்கியிருக்க வேண்டிய குறையாகும்.

7. சிற்றூரும் கம்பியும்

நகரத்தார்க்கு இணக்கியே தடை. சிற்றூரார்க்கு அதற்கு முன்னரே தடைகள் இருந்தன. 1995-ஆம் ஆண்டில் உத்தரமேரூரிலோ ராஜகுளத்திலோ இருந்து சென்னையில் உள்ள இணைய எண்ணை அழைப்பது நெடுந்தொலைவு அழைப்பாகும். இணையக் கட்டணத்தினும் தொலைபேசிக் கட்டணம் மிகுதற்கு அது வழி செய்தது. 1998-ஆம் ஆண்டில் தனியார்க்கும் இணையச் சேவை திறக்கப்பட்டது. அதன்பின் 172 எனத் தொடங்கும் எண்கள் வந்து, இவ்வேறுபாடு குறையலாயிற்று. ஆயினும் நாட்டுப்புறங்களிற் பல பொதுத் தொலைபேசிகள் வானொலி அலைவழி இணைக்கப்பட்டிருந்தன; குரலையே திருந்தக் கொணராத அவற்றில் இணக்கியின் ஒலி செல்லுதல் அரிது.

இதனை உணர்ந்தே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையை ஆக்கினர். அது பேச்சுடன் நொடிக்கு 35,000 பிட் இணையத்தையும் இணக்கியின்றியே அளித்தது. 2001-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் அம்முறையால் இணைய நிலையங்கள் தோன்றின.

8. தமிழ் சென்ற வழி

இத்துணை இடரினூடும் தமிழ் அக்கம்பியில் சென்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலரின் உழைப்பால் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இணையத்தில் இட்டது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் நெறிப்படுத்த முற்பட்டது. அதனையடுத்த சில ஆண்டுகளில் தன்னார்வலர் லினக்சின் முகப்புகளைத் தமிழில் ஆக்கினர்.

குறைந்த விரைவு தமிழ் நூலுக்குத் தடையாயிற்றா என ஒரு கணக்கால் அறியலாம். திருக்குறள் 1,330 குறளும், ஓரெழுத்துக் குறிக்கு ஒரு பைட் கொள்ளும் அக்காலக் குறியீட்டில், ஏறத்தாழ ஓர் இலட்சம் பைட் என மதிக்கலாம். நொடிக்கு 9,600 பிட் செல்லும் இணக்கி, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்துக் கணக்கிட்டால், நொடிக்கு 960 பைட் அனுப்பும். எனவே இரண்டு நிமிடத்திற்குள் திருக்குறள் முழுவதும் சென்றுசேரும். படத்திற்குப் போதாத கம்பி பாட்டுக்குப் போதுமானதாகவே இருந்தது.

முடிவுரை

2004-ஆம் ஆண்டில் நடுவண் அரசு அகல அலைவரிசைக் கொள்கையை வெளியிட்டபின் தொலைபேசிவழி இணைப்பு விரைந்து அருகிற்று. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அச்சேவையை முடித்துக்கொண்டது. இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். லினக்ஸ் கணிப்பொறியில் இணக்கி இயங்காமைக்கு முதற்காரணம் நெறி மறைக்கப்பட்டமையே என்பது ஒன்று. திறந்த நெறியும் தாய்மொழியில் விளக்கப்படாவிடின் முழுப்பயன் தாராது என்பது மற்றொன்று. தமிழ் இணையத்தின் முதற்பருவம் பெருநிறுவனத்தால் அன்றித் தன்னார்வலரால் வளர்ந்தது என்பது மூன்றாவது.

அத்தன்னார்வலர் எழுதிய மடல்களும் குறிப்புகளும் கலைச்சொற் பட்டியல்களும் பழைய வன்தட்டுகளிலும் நெகிழ்தட்டுகளிலும் உள்ளன. அவை ஓலையினும் விரைந்து அழிவன. ஓலைச்சுவடிகளை ஊர்தோறும் சென்று தேடிய மரபு நம்முடையது. அம்மரபில் வந்த தமிழ்த்துறைகள் இவற்றையும் தேடித் தொகுத்தல் வேண்டும். எழுதியோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். கேட்டறிதற்கு உரிய காலம் இதுவேயாம்.