தீயும் காடும்



கித்துல்கல என்னும் பெயரில் ஒரு மரமும் ஒரு கல்லும் உள்ளன. கித்துல் என்பது கூந்தற்பனை. கல என்பது கல். களனி கங்கையையொட்டிய சில சரிவுகளில் ஈரக்காடு இன்னும் எஞ்சி நிற்கின்றது. ஏனைய சரிவுகள் தேயிலையும் இறப்பருமாக மாறிவிட்டன.

மலைத்தோட்டங்களின் வரலாறே தீயில் தொடங்குவது. உரிமை காட்ட இயலாத காட்டுநிலத்தை முடிக்குரியதெனக் கொள்ள 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. தோட்டத்துரைமார் அந்நிலத்தை வாங்கி, மரங்களை வீழ்த்தி, காய்ந்தபின் கொளுத்தினர். சாம்பல் மண்ணிற் கன்று நட்டோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பின்னர் தேயிலை பரவியது. ‘காடு திருத்தினர்’ என்று நூல்கள் இதனை இரு சொல்லில் முடித்துவிடுகின்றன.

கைவிடப்பட்ட சரிவுகளுக்குக் காடு தானே திரும்புவதில்லை. சிங்கள மக்கள் கெகில்ல என வழங்கும் பன்னம் அங்கே அடர்ந்து படரும். வறண்ட மாதங்களில் ஒரு பொறி போதும், சரிவு முழுவதும் எரியும். மண்ணுள் கிடக்கும் தண்டிலிருந்து பன்னம் மீண்டும் துளிர்க்கும், மரக்கன்று கருகிவிடும். ஹொர, துன் போன்ற பெருமரங்களின் வித்துகளோ சில வாரங்களே உயிர் தாங்குவன. நெடுந்தூரம் பரவுவனவும் அல்ல.

இதற்கு ஒரு வழி, இதே சப்ரகமுவவின் தென்கோடியைத் தொடும் சிங்கராஜ வனத்தில் காணப்பட்டது. அதன் எல்லையிலிருந்த வெற்றுநிலங்களில் 1970களின் இறுதியையொட்டிக் கரீபியப் பைன் நடப்பட்டிருந்தது. எளிதில் தீப்பற்றும் அயல் மரம்! ஆயினும் அதன் நிழலிற் பன்னம் ஒடுங்கியது. 1990களின் தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் மார்க் ஆஷ்டனும் அந்நிழலில் ஹொர, துன், நாகமரக் கன்றுகளை நட்டனர். மூடிய நிழலில் அவை வளர்ச்சி குன்றி நின்றன. பைன் வரிசைகள் மூன்றை அகற்றிய இடைவெளியிலோ செழித்தோங்கின. பழித்த மரமே செவிலித்தாயாயிற்று.

ஆனால் கன்று நடுதல் ஒரு நாள் வேலை. தீயை விலக்குதல் பல்லாண்டுப் பணி. தீத்தடுப்புப் பாதையைச் செதுக்க வேண்டும். புகையைக் கண்டவுடன் ஓடவேண்டும். அப்புகையை முதலிற் காண்போர் அயற்கிராமத்தாரும் லயத்தில் வாழ்வோருமே. அவர்களது பீலித் தண்ணீர் அந்தச் சரிவிலிருந்தே வருகின்றது. எனினும், லயத்து மக்களுட் பெரும்பாலோர்க்குத் தாம் குடியிருக்கும் நிலத்திற்கும் உறுதி கிடையாது. காட்டில் அவர்க்கும் ஒரு பயன் வேண்டாமா? கிராமத்தார்க்குக் கித்துல் பாணியும் கருப்பட்டியும் உண்டு. கித்துல் பாளைவிடப் பத்தாண்டுக்கு மேலும் செல்லும். அதுவரை அச்சரிவைத் தீ அண்டலாகாது.