தெருவிளக்கில் ஒளிந்திருக்கும் நீலம்

வெள்ளை எல்.இ.டி. விளக்கின் உள்ளே எரிவது நீல விளக்குதான். சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசப்பட்டிருக்கும். நீலத்தில் ஒரு பகுதியை அது மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பெற்றனர். 2015இல் இந்தியாவில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. சோடியம் விளக்குகள் ஊர் ஊராகக் கழற்றப்பட்டு, எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் மிச்சமானது. கூடவே இரவின் நிறமும் மாறிப்போனது.

நீலம் தன்னளவில் கெட்ட ஒளி அன்று. தொட்டியில் வைத்த கத்தரி நாற்று வெளிச்சம் வரும் பக்கம் சாய்வது நீலத்தை உணர்ந்துதான். இலைத்துளைகள் திறக்கவும் அது தூண்டுகிறது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையைக் கண்ணை மறைத்து நீல விளக்கின் கீழ்க் கிடத்துகிறார்கள். 460 நானோமீட்டரை ஒட்டிய ஒளி, தோலுக்கடியில் தேங்கிய பிலிருபினை உடல் வெளியேற்றக்கூடிய வடிவமாக மாற்றிவிடுகிறது.

நீலம் நேரம் தவறி வரும்போதுதான் தீங்கு. விழித்திரையில், பார்ப்பதற்கென்று அல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. இவை 2002இல்தான் கண்டறியப்பட்டன. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமி 480 நானோமீட்டர் அளவில், அதாவது நீலத்தில், மிகக் கூர்மையாகத் தூண்டப்படுகிறது. இரவில் அந்த நீலம் பட்டால் மெலடோனின் சுரப்பு தடைப்பட்டு உறக்கம் தள்ளிப்போகிறது. கண்ணாடிக் கடைகளில் ‘ப்ளூ கட்’ என்று விற்கும் அச்சம் வேறு. கைப்பேசித் திரையின் நீலம் பகல் வானத்தின் நீலத்துக்கு முன் மிகச் சொற்பம். அது விழித்திரையைக் கெடுக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. கவலைப்பட வேண்டியது இரவு வெளிச்சத்தைப் பற்றித்தான்.

ஒளி உயிர்க்கடிகாரத்தை எப்படித் திருத்துகிறது என்பதைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன். பல்கலைக்கழகத்தை அடுத்த குகையொன்றின் வௌவால்கள் அவருடைய ஆய்வுப்பொருள். மாலையில் அவை குகைவாயில் வரை பறந்துவந்து, வெளியே இன்னும் வெளிச்சமிருந்தால் உள்ளே திரும்பிவிடும். இருட்டிய பிறகே இரைதேடக் கிளம்பும். அந்தக் குகைவாயிலில் ஒரு வெள்ளை விளக்கு நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாடம்பாக்கம் ஏரி போன்ற நீர்நிலைகளைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்ட தென்சென்னைப் புறநகருக்கு இரவு வெளிச்சம் பற்றிய இந்தக் கவலை நேரடியாகப் பொருந்தும். மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் விளக்கடியில் சுற்றிச் சுற்றியே மாய்கிறது. மறுநாள் காலையில் வாசலில் சிறகுகள் மட்டும் குவிந்து கிடக்கும். பூச்சிகளின் கண் பொதுவாகப் புற ஊதா, நீலம், பச்சை ஆகியவற்றைக் கூர்மையாகக் காண்பது. சோடியம் விளக்கின் ஆரஞ்சு மஞ்சள் அவற்றைக் குறைவாகவே இழுத்தது. காற்றில் சிதறுவதிலும் நீலமே முன்னிற்கிறது. 590 நானோமீட்டர் மஞ்சளைவிட 450 நானோமீட்டர் நீலம் ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுவதால், விளக்கு இல்லாத ஏரி நடுவிலும் வானம் வெளுத்திருக்கும்.

இதே விளைவு கிழக்கே கடற்கரையில் உயிர்ச்சேதமாகிறது. நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சுகள், வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று நம்பி நகர்பவை. ஊர்ப்பக்கம் பிரகாசமாக இருந்தால் அவை சாலையை நோக்கி ஏறிவிடும். 1988 முதல் மாணவர்களின் ஆமைப் பாதுகாப்புக் குழு இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

விளக்கு குறைந்தால் பாதுகாப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து இரவில் தனியே வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெரு தெரிந்தாக வேண்டும். ஆனால் நிறமும் வெளிச்ச அளவும் வேறு வேறு. நீலச்சாயல் வெள்ளையான 6500 கெல்வின் விளக்குக்குப் பதில், வெதுநிறமான 2700 கெல்வின் விளக்கு அதே லூமென் அளவு வெளிச்சத்தைத் தர முடியும். மின் சிக்கனம் சற்றே குறையும், நீலம் பெருமளவு குறையும். மாடம்பாக்கம் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரியைப் பார்த்து நிற்கும் கம்பங்களில் பழுதாகும் விளக்குகளை மாற்றும்போதெல்லாம் வெதுநிற விளக்கைப் பொருத்தி, நீர்ப்பக்கம் ஒளி போகாதபடி மறைப்புத் தகடு வைத்தால், தனித் திட்டமோ பெருஞ்செலவோ இன்றிச் சில ஆண்டுகளில் கரை முழுதும் மாறிவிடும்.