கோச்சி நின்ற இடம்

எல்லவுக்குப் போகிற ரயிலில் ஏறுகிற எங்களைப் போன்ற ஆட்கள் நாவலப்பிட்டியில் இறங்குவதில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கணும், அவ்வளவுதான். இந்தமுறை நாங்கள் நாலு பேரும் இறங்கினோம். எங்களில் ஒருத்தியின் பாட்டி பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார்.

ஊர் சுமார் 600 மீற்றர் உயரத்தில், மகாவலிக் கரையில் இருக்கிறது. மலை இங்கிருந்துதான் நிஜமாகவே ஏறத் தொடங்குது. கண்டிக்கு 1867இல் வந்த ரயில், பேராதனையில் கிளை பிரிந்து 1874இல் நாவலப்பிட்டியைத் தொட்டது. அடுத்து ஹட்டனுக்குப் போய்ச் சேர 1884 ஆச்சு. ஆக, பத்து வருஷம் இதுதான் கடைசி ஸ்டேஷன். டிம்புல, டிக்கோயா தோட்டங்களில் விளைந்த கோப்பி மாட்டுவண்டியில் இறங்கி இங்கே ரயிலேறிக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போனது. அதைப் பறித்தவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் கரையேறி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்தவர்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். பாதை போட்டது மூட்டைக்காக, ஆளுக்காக இல்ல.

1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ரயில் ஹட்டனை எட்டியபோது மலையெல்லாம் தேயிலை வந்துகொண்டிருந்தது. பயிர் மாறினாலும் லயம் மாறலை.

பிறகு இதே தண்டவாளத்தில் ஆட்கள் கீழே இறங்கினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! அந்த மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர்.

பாட்டி அதைப் பார்த்தவர். "அக்கா பெட்டிக்குள்ள, நான் வெளிய. கோச்சி நகர்ந்தப்போ கையை விடவே இல்ல, ஆரோ இழுத்துத்தான் பிரிச்சாங்க," என்றார். அக்கா குடும்பம் நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போனதாம்.

எங்கள் கையிலிருந்த பயணக் குறிப்பில் 'மலைநாட்டுப் பூர்வீகப் பண்பாடு' என்று ஒரு பக்கம். கண்டி நடனம் இருக்கு, பெரஹரா இருக்கு, இருக்க வேண்டியவைதான். காமன் கூத்தும் தப்பும் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலும் இந்த மக்களுக்குப் பேர் 'இந்தியத் தமிழர்'தான். "பாட்டி, உங்க பூர்வீகம் எது?" என்று விளையாட்டாகக் கேட்டோம். அவர் தேயிலைக்கு மேலே ஒரு மேட்டைக் காட்டினார். "எங்கம்மாவ அங்கதான் பொதைச்சிருக்கு. அவங்கம்மாவையும்."

எல்ல ரயிலை விட்டுவிட்டோம். தேத்தண்ணி ஆறுவதற்குள் பாட்டி அக்காவின் கடிதங்கள் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். கடைசிக் கடிதத்தில் கோத்தகிரி முத்திரை.