கொட்டகையில் பிறந்த பந்தயக் கார்கள்: ஆஸ்டின் செவன் ஸ்பெஷல்களின் வரலாறு

பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் திருத்தி, உரிமையாளரே தம் கையால் கட்டிக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பிரிட்டனில் 'ஸ்பெஷல்' என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கிய இப்பழக்கம் 1950களில் உச்சம் அடைந்தது. இவ்வாறு கட்டப்பட்ட கார்களில் மிகப் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தது ஆஸ்டின் செவன் என்ற சிறிய குடும்பக் கார். வசதி குறைந்த இளைஞர்களின் பொழுதுபோக்காக வளர்ந்த இந்த வேலை, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பந்தயக் கார் நிறுவனங்கள் சிலவற்றின் தொடக்கப் பள்ளியாக அமைந்தது.

அடிப்படைக் கார்

ஆஸ்டின் செவன் 1922ஆம் ஆண்டு அறிமுகமானது. ஹெர்பர்ட் ஆஸ்டின் தம் வீட்டிலேயே, ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரின் துணையுடன் இதனை வடிவமைத்தார். மோட்டார் சைக்கிளோடு இணைப்புப் பெட்டி வைத்துக் குடும்பத்தை ஏற்றிச் சென்றவர்களும் வாங்கக்கூடிய ஒரு முழுமையான கார் என்பதே அவர் நோக்கம். 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் தயாரிக்கப்பட்டன.

இதன் எஞ்சின் 747 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்டது. அடிச்சட்டம் ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில், முன்பக்கம் குறுகியும் பின்பக்கம் அகன்றும் இருக்கும். மேற்கூடு தனியாக அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தது. இந்த அமைப்பே ஸ்பெஷல் கட்டுவோருக்குப் பெரும் வசதியாயிற்று. கூட்டைத் தூக்கி அகற்றினாலும் சக்கரங்கள், எஞ்சின், ஸ்டீயரிங் ஆகியவற்றோடு ஓடக்கூடிய வண்டி அப்படியே மிஞ்சும். எடை குறைவு என்பதால் பெரிய பட்டறைக் கருவிகள் இல்லாமலேயே எஞ்சினை இறக்கி ஏற்ற முடிந்தது.

வீட்டில் கட்டியதன் காரணம்

போருக்குப் பின் பிரிட்டனில் தயாரான புதிய கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குச் சென்றது. உள்நாட்டில் வாங்க விரும்பியவர் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். பெட்ரோலுக்கான ரேஷன் 1950 மே மாதம் வரை நீடித்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்பது சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத பொருள். ஆனால் முப்பதுகளில் ஓடிய ஆஸ்டின் செவன்கள், கூடு துருப்பிடித்த நிலையில், எங்கும் மலிவாகக் கிடைத்தன. போர்க்காலத்தில் படையிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் கைவேலை கற்ற இளைஞர்களும் ஏராளமாக இருந்தனர். மலிவான கார், பழகிய கை, வாங்க இயலாத ஆசை என்னும் மூன்றும் சேர்ந்த இடத்தில் ஸ்பெஷல் பிறந்தது.

செய்த மாற்றங்கள்

முதல் வேலை எடையைக் குறைப்பது. இரும்புத் தகட்டுக் கூட்டுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்துப் பொருத்தினர். 1950களின் நடுப்பகுதியிலிருந்து கண்ணாடி இழைக் கூடுகள் ஆயத்தமாகவே விலைக்குக் கிடைத்தன.

அடுத்தது உயரத்தைக் குறைப்பது. முன் அச்சின்மேல் குறுக்காக அமைந்த பட்டை ஸ்பிரிங்கைத் தட்டையாக்கி, ஸ்டீயரிங் தண்டைச் சாய்த்து, இருக்கையைத் தாழ்த்தினர். வளைவுகளில் முறுக்கிக்கொள்ளும் திறந்த அடிச்சட்டத்தின் ஓரத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, அதனை மூடிய பெட்டி வடிவமாக்கி வலுவூட்டினர். லெஸ்லி பாலமி என்பவர் முன் அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, இரு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி செய்த முறையும் பரவலாகப் பின்பற்றப்பட்டது.

எஞ்சினில் சிலிண்டர் தலையைச் சீவி அமுக்க விகிதத்தைக் கூட்டினர். கலவை செல்லும் துவாரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கினர். பெரிய கார்புரேட்டர் வைத்தனர். ஆனால் இந்த எஞ்சினின் பெரும்பாலான வகைகளில் கிராங்க் தண்டை இரண்டு பேரிங்குகள் மட்டுமே தாங்கின. வேகத்தைக் கூட்டினால் தண்டு வளைந்தது. சில சமயம் ஒடிந்தது. எனவே ஓட்டிய பின் கழற்றிப் பார்ப்பதும் தேய்ந்ததை மாற்றுவதும் வழக்கமாயின. சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டுவது, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைப்பது, பிரேக் கம்பிகளைச் சரிசெய்வது எல்லாம் உரிமையாளரின் ஞாயிற்றுக்கிழமை வேலைகள்.

விதிகள் வளர்த்த அறிவு

1939இல் 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் ஆசிரியர் பில் பாடி முன்னின்று 750 கிளப்பைத் தொடங்கினார். 750 என்பது எஞ்சினின் கொள்ளளவைக் குறிக்கும். 1949இல் இந்தக் கிளப் குறைந்த செலவில் போட்டியிடுவதற்கான விதிகளை வகுத்தது. ஆஸ்டின் செவனின் எஞ்சினும் அடிச்சட்டமும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். எல்லோருக்கும் ஒரே பழைய எஞ்சின் என்றான பிறகு, வெற்றியைப் பணத்தைவிடச் சிந்தனையே தீர்மானித்தது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காலின் சாப்மன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்றபோதே பழைய கார்களை வாங்கி விற்றுவந்தார். 1947 இறுதியில் தனியார் கார்களுக்கான பெட்ரோல் பங்கீடு நிறுத்தப்பட்டபோது அந்த வியாபாரம் சரிந்தது. விற்காமல் தங்கிய ஆஸ்டின் செவனை, தம் காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் வைத்து, 1948இல் ஸ்பெஷலாக மாற்றினார். அதுவே முதல் லோட்டஸ். விமானக் கட்டுமானத்தில் வழங்கிய ஒட்டுப்பலகை உத்தியை அதன் கூட்டுக்குப் பயன்படுத்தினார்.

1951இல் 750 போட்டிகளுக்காக அவர் கட்டிய மூன்றாவது கார் இன்னும் சுவையானது. ஆஸ்டின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே நுழைவுத் துவாரங்கள். அருகருகே உள்ள சிலிண்டர்கள் கலவைக்குப் போட்டியிட்டன. சாப்மன் துவாரத்தின் நடுவே தடுப்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி அமைத்தார். கார் மற்றவற்றை எளிதாக முந்தியது. பின்னர் விதி திருத்தப்பட்டு அந்த முறை தடைசெய்யப்பட்டது. அவருடைய நிறுவனம் 1952இல் தொடங்கி, பின்னர் ஃபார்முலா ஒன் உலகப் பட்டங்களை வென்றது.

இதே பாடம் கடல் கடந்தும் நடந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் புரூஸ் மெக்லாரன் தம் தந்தையோடு சேர்ந்து பழைய ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் காரைச் சீரமைத்து, 1952இல் பதின்வயதிலேயே போட்டியில் ஓட்டினார். 1963இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய மெக்லாரன்.

வரியும் உதிரிப்பாகப் பெட்டியும்

முழுமையான புதிய காருக்கு அக்காலத்தில் கொள்முதல் வரி உண்டு. தனித்தனிப் பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டது. வாங்கியவர் பாகங்களைக் கொண்டுபோய் வீட்டில் பூட்டிக்கொண்டார். ஸ்பெஷல் கட்டிப் பழகிய தலைமுறை அதற்கு ஆயத்தமாக இருந்தது. 1973இல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்ததும் இச்சலுகை மறைந்தது. அதே ஆண்டு லோட்டஸ் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் அக்காரை இன்றும் உதிரிப்பாகத் தொகுப்பாக விற்கிறது.

பிரேக் என்ற கேள்வி

ஸ்பெஷல்களின் பெருங்குறை பிரேக். ஆஸ்டின் செவனின் பிரேக்குகள் கம்பியால் இழுபடுபவை. மூல வேகத்துக்கே அவை போதுமானவை என்று சொல்ல முடியாது. கவனமுள்ளவர்கள் மோரிஸ் மைனர் போன்ற கார்களின் ஹைட்ராலிக் பிரேக்கை மாற்றிப் பொருத்தினர். வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களும் இருந்தனர். தன் காரைத் திருத்தும் உரிமை தனக்குண்டு எனலாம். ஆனால் அது ஓடுவது பொதுச் சாலையில்.

1960இல் பிரிட்டன் அரசு பத்தாண்டு கடந்த வண்டிகளுக்குச் சோதனைச் சான்றிதழை அறிமுகம் செய்தது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு ஆகியவை சோதிக்கப்பட்டன. பழைய பாகங்களால் ஆன ஸ்பெஷல்கள் பல இதில் தேறவில்லை. 1959இல் வந்த மினி போன்ற விலை குறைந்த புதிய கார்களும் அவற்றின் தேவையைக் குறைத்தன. எனினும் சோதனைக்குத் தயார்செய்யத் தெரிந்தவர்களின் கார்கள் பிழைத்தன. பராமரிப்பைக் கற்றவரும் வேகத்தை மட்டும் கற்றவரும் அங்கேதான் பிரிந்தனர்.

இன்றைய நிலை

750 போட்டிகள் வேறு எஞ்சின்களுக்கு மாறி இன்றும் நடைபெறுகின்றன. பழைய ஸ்பெஷல்களைப் பொறுத்தவரை ஒரு புதிய சிக்கல் எழுந்துள்ளது. ஒவ்வொரு ஸ்பெஷலுக்காகவும் ஒரு மூலக் கார் அழிந்தது. இப்போது அந்த மூலக் கார்களுக்கு மதிப்பு கூடிவிட்டதால், ஸ்பெஷலைக் கலைத்து மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் எண்ணுகின்றனர். தொழிற்சாலைக் காரின் வரைபடங்கள் இருக்கின்றன. அதனை மீண்டும் செய்ய முடியும். பெயர் தெரியாத ஒருவர் கொட்டகையில் தட்டி வளைத்த அலுமினியக் கூட்டுக்கு வரைபடம் கிடையாது. ஆதலால் அத்தகைய காரைக் கலைக்கும் முன், அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் படமெடுத்துப் பதிவு செய்வதாவது உரிமையாளரின் கடமை.