அரைத் திறந்த ஹெட்ஃபோனும் மூடிய ஹெட்ஃபோனும்

ஹெட்ஃபோனில் ஒலியை எழுப்பும் டயாஃப்ரம் முன்பக்கம் காதுக்கு அனுப்பும் ஒலியைப் போலவே பின்பக்கமும் ஒலியை எழுப்புகிறது. கிண்ணத்தின் பின்புறத்தை முழுக்க அடைத்து அந்தப் பின்னொலியை உள்ளேயே நிறுத்துவது மூடிய வகை. துளையிட்டு, அதைத் துணியாலோ நுரையாலோ ஓரளவு தடுத்து, பின்னொலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற விடுவது அரைத் திறந்த வகை. எவ்வளவு காற்று போனால் 'அரை' என்பதற்குத் தர நிர்ணயம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர் சொல்வதுதான் கணக்கு.

மூடிய கிண்ணத்துக்குள் பின்னொலி சுவரில் மோதித் திரும்புகிறது. பஞ்சு வைத்து அடக்கினாலும் சில அதிர்வெண்கள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். அதற்கு ஈடாகக் கிடைப்பது தனிமை. ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் தன் டிடி 770 ப்ரோ வெளி இரைச்சலைச் சுமார் 18 டெசிபல் குறைப்பதாகக் குறிப்பிடுகிறது. அதே குடும்பத்தின் டிடி 880 அரைத் திறந்தது, டிடி 990 திறந்தது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பதே வித்தியாசம் புரிய எளிய வழி.

அரைத் திறந்த வகையில் பெயர் பெற்றது வியன்னாவில் 1947இல் தொடங்கிய ஏகேஜியின் கே240 வரிசை. 1970களில் வந்த 'செக்ஸ்டெட்' மாடலில் நடு டயாஃப்ரத்தைச் சுற்றி ஆறு துணைச் சவ்வுகள் இருந்தன. இவ்வகையில் ஒலி தலைக்குள் அடைபடாமல் சற்று விலகி நின்று கேட்கும், காதும் அதிகம் வியர்க்காது. பாதி திறந்திருப்பதால் பாதியாவது இரைச்சலை மறைக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். கசிவில் இது திறந்த வகைக்கே நெருக்கம்.

கசிவின் விலை பாடகர் அறையில் தெரியும். பாடகர் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார். காதில் பின்னணி இசையும் தாளம் காட்டும் க்ளிக்கும். இசை ஓடும்வரை கசிவு மறைந்திருக்கும். கடைசி வரியைப் பாடகர் மெல்ல இழுத்து முடிக்கும்போது, அந்தக் குரலுக்கு அடியில் 'டிக், டிக்' என்று க்ளிக் பதிவாகியிருக்கும். குரலோடு கலந்துவிட்டதைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் பதிவுக்கு மூடிய வகையே வழக்கம். 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் ஸ்டுடியோக்களில் புழங்குகிறது. மூடிய கிண்ணத்துக்குள் தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குவதால் பாடகர்கள் ஒரு பக்கத்தை விலக்கிக்கொள்வார்கள். விலக்கிய பக்கத்துக்கு ஒலி போகாமல் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் மூடியதும் கசியும்.

பதிவானவற்றைக் கலக்கும் மிக்ஸிங்கில் நிலைமை வேறு. மூடிய வகையின் பேஸ், குஷன் காதைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்துவதை நம்பியிருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கினாலே பேஸ் குறையும்; அந்தக் குறைவை நம்பி பேஸைக் கூட்டி வைத்த மிக்ஸ் ஸ்பீக்கரில் அதிரும். அமைதியான அறையில் இந்த வேலைக்கு அரைத் திறந்ததே மேல்.

ஹெட்ஃபோனின் மின்மறுப்பைக் காட்டும் ஓம் அளவுக்கும் மூடிய, அரைத் திறந்த என்ற பிரிவுக்கும் தொடர்பில்லை. டிடி 880 மாடலே 32, 250, 600 ஓம்களில் விற்கப்பட்டிருக்கிறது. 600 ஓம் மாடலுக்குக் கைபேசி போதாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

பேருந்தில் கேட்பவருக்கும் வீட்டிலேயே குரல் பதிவு செய்பவருக்கும், ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், மூடியதே சரி.