மலைத் தோட்டங்களைத் தின்ற காய்ச்சல்

1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், புதிய துறைமுகமாகத் திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் குளிர்காய்ச்சலில் வரிசையாகப் படுத்தார்கள். மலேரியாவின் கிருமியை ரோனால்டு ராஸ் செகந்தராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு வந்திருந்த அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சன், அந்த அறிவை மண்ணில் இறக்கிப் பார்த்தார். காட்டை வெட்டச் சொன்னார். சதுப்பு நீரை வடியவிடச் சொன்னார். காய்ச்சல் அடங்கியது.

ஆனால் கிள்ளானில் காப்பாற்றிய அதே வைத்தியம் மலைப்பக்கம் போனதும் எதிரியாக மாறியது. ரப்பர் விலை ஏற ஏற, உள்நாட்டுக் குன்றுகளில் காடுகள் மளமளவென்று அழிக்கப்பட்டன. தாழ்நிலச் சதுப்பில் நோய் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. காட்டை அழித்தால் அதுவும் போய்விடும். மலை ஓடைகளில் வளரும் கொசுவோ தெளிந்த நீரையும் வெயிலையும் விரும்புவது. மரங்களை வெட்டி ஓடையில் வெயில் படச் செய்ததே அதற்கு விருந்து வைத்தது போல் ஆயிற்று. தண்ணீருக்கு வசதி என்று தொழிலாளர் லயங்களைப் பெரும்பாலும் அந்த ஓடைகளின் பக்கத்திலேயே கட்டியிருந்தார்கள்.

விளைவைக் கணக்கே சொல்லும். கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 9,000 தொழிலாளர்கள் மாண்டனர். ஆயிரத்துக்கு 62 பேருக்கு மேல்! எல்லாமே மலேரியாச் சாவு என்று சொல்லிவிட முடியாது. வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொண்டன. ஆனால் உடலை முதலில் உருக்கிப்போட்டது காய்ச்சல்தான். இறந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

சாகாமல் பிழைத்தவர்களின் பாடும் எளிதாக இல்லை. வேலைக்கு வந்த நாளுக்குத்தான் சம்பளம். காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் கடையிலும் கங்காணியிடமும் கடன் ஏறியது. இரத்தம் சுண்டி நடக்க முடியாதவனுக்குச் சோம்பேறி என்று பெயர்; தமிழனே இப்படித்தான் என்று பேசிய துரைமார்களும் உண்டு. தாய்மார்களுக்குக் கருத்தங்கவில்லை, தங்கினாலும் பிள்ளை நிலைக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத லயம் ஒரு குடியிருப்பாக வேரூன்றுவது எப்படி? தமிழர்கள் இங்கே நிலைத்த சமூகமாக மாற இத்தனை காலம் பிடித்ததற்குக் கூலிமுறையையும் பெண்கள் குறைவாக வந்ததையும் காரணமாகச் சொல்கிறோம். கொசுவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அரசாங்கம் விழித்தது 1911இல். தோட்டத் தொழிலாளர் உடல்நலத்துக்கு ஒரு சட்டமும், மலேரியா ஆலோசனை வாரியமும் அந்த ஆண்டு வந்தன. இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் என்று நம்புவது கடினம். 1910இல் புதிய ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டிருந்தது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகிப்போகும் உரிமை தொழிலாளிக்கு வந்துகொண்டிருந்தது. காய்ச்சல் தோட்டம் என்று பெயரெடுத்த இடத்துக்கு ஆள் சேர்ப்பது கங்காணிக்கும் சிரமம். கப்பல் செலவு செய்து கொண்டுவந்த ஆள் சில மாதத்தில் செத்தால் கம்பெனிக்கு நஷ்டம்.

பின்னர் மலை ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து மூடினார்கள். திறந்த நீரில் எண்ணெய் தெளித்தார்கள். பணமுள்ள பெரிய தோட்டங்கள் முந்திக்கொண்டன. மற்ற இடங்களில் காலைப் பெரட்டில் வாயில் ஊற்றிய கசப்புக் கொயினாதான் கதி. ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிய வாட்சன் கையாண்ட வழி மிக எளியது. லயத்துப் பிள்ளைகளை நிறுத்தி, வயிற்றின் இடப்பக்கம் விரலால் அழுத்திப் பார்ப்பார். மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ, அதுதான் அந்தத் தோட்டத்தின் கணக்கு.